வெளிநாட்டு அணிகளுக்கு ஆடும் கூடைப்பந்து வீராங்கனைகளின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவள் என்பதால், நான் நெடுங்காலமாகக் கவனித்துவரும் டயானா டவுராசியை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன். அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவில் 10,000 புள்ளிகளைக் கடந்த முதல் வீராங்கனை அவர். ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்றவர். அப்படிப்பட்டவருக்கும் உச்சகட்ட ஆண்டுகளில் பெரிய சம்பளம் தந்தது ரஷ்யாதான்.

அமெரிக்கப் பருவம் கோடையில் நடப்பது. ஐரோப்பியப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம்வரை நீள்வது. ஆகவே கோடையில் ஃபீனிக்ஸ் மெர்க்குரி என்ற அமெரிக்க அணிக்கு ஆடிவிட்டு, குளிர்காலத்தில் மாஸ்கோ வட்டாரத்தின் ஸ்பார்ட்டக் அணிக்கு ஆடினார். அந்த அணி 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு முறை, ஐரோப்பிய அணிகள் மோதும் மகளிர் யூரோலீக் கோப்பையை வென்றது. அதன் புரவலர் ஷப்தாய் கல்மனோவிச் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அழைத்துச் சென்றார். டபிள்யூஎன்பிஏ முழுப் பருவத்துக்கும் அந்த வசதியைச் செய்து தந்தது 2024இல்தான். ஆனால் இந்தச் செழிப்பெல்லாம் ஒரு தனிமனிதரின் பணத்தையே நம்பியிருந்தது. 2009 நவம்பரில் அவர் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்து துருக்கிக்குச் சென்ற டவுராசி, ஊக்கமருந்துப் பரிசோதனையின் தவறான முடிவால் ஒப்பந்தத்தை இழந்தார். ஆய்வகம் 2011 பிப்ரவரியில் தன் முடிவைத் திரும்பப் பெற்றாலும், அந்தப் பருவம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அயல்நாட்டில் தனியாக இருக்கும் ஆட்டக்காரரின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஆடும் உடல் எத்தனை காலம் தாங்கும்? 2015இல் ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் அணி, அமெரிக்கப் பருவத்தில் ஆடாமல் ஓய்வெடுக்கும்படி அவருக்குப் பணம் கொடுத்தது. அங்கே அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 15 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வெளியாயின. சொந்த நாட்டு லீக்கிலோ ஏறத்தாழ 1,07,000 டாலர்தான். அவர் ஓய்வையே தேர்ந்தெடுத்தார். அதைப் பேராசை என்று விமர்சிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதே அணிக்கு ஆடிய அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில், கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாக மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் விடுதலையானார். அதன்பின் அமெரிக்க வீராங்கனைகள் ரஷ்யாவைத் தவிர்த்துத் துருக்கி, இத்தாலி, சீனா எனப் பிற நாடுகளை நாடினர்.

டபிள்யூஎன்பிஏ வீராங்கனைகளுடன் செய்த 2020 ஒப்பந்தத்தில் உச்ச சம்பளத்தை 2,15,000 டாலராக உயர்த்தியது. கூடவே, வெளிநாட்டிலிருந்து தாமதமாக வரும் அனுபவமுள்ள வீராங்கனைகளுக்கு 2023 முதல் அபராதமும் விதித்தது. நட்சத்திரங்கள் அதைச் சமாளித்திருக்கலாம். குறைந்த சம்பளத்தில் ஆடி, குளிர்கால வருமானத்தால் குடும்பத்தைத் தாங்கியவர்களுக்குத்தான் அந்த விதி பெரும் சுமையாயிற்று.