முதலில் பின்னணியைப் பாருங்கள்: காட்டுயிர்ப் படக் கேள்விகளும் பதில்களும்

குழுவில் வந்து குவிந்த கேள்விகளில் ஃபிரேம், வெளிச்சம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது தனிக் கச்சேரி.

செங்கல்பட்டிலிருந்து: அக்கா, வேடந்தாங்கலில் கொக்கை எடுத்தால் வெள்ளை அப்பியது போல வருகிறது. இறகு ஒன்றுகூடத் தெரியவில்லை. என்ன செய்வது?

ஃபிரேமில் கொக்கு சின்னதாகவும், சுற்றிலும் கரும்பச்சை மரமும் இருட்டுத் தண்ணீரும் இருந்திருக்கும். காட்சியே இருட்டு என்று கேமரா நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளிச்சமாக்குகிறது. அதில் கொக்கு எரிந்துபோகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மைனஸ் படத்தை இருட்டாக்கும், பிளஸ் வெளிச்சமாக்கும்) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வைத்துப் பாருங்கள்.

ஆனால் வெள்ளைப் பறவை என்றாலே மைனஸ் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அதே கொக்கு ஃபிரேம் முழுக்க நிறைந்திருந்தால் கதை தலைகீழ். கேமரா இருட்டாக்கிவிடும், கொக்கு சாம்பல் நிறத்தில் வரும். அப்போது பிளஸ் வேண்டும். ஃபிரேமில் அதிக இடம் பிடித்திருப்பது வெளிச்சமா, இருட்டா என்பதுதான் கேள்வி. வெளுத்த வானத்தில் பறக்கும் பருந்துக்கும் பிளஸ்தான், இல்லையென்றால் கரி உருவம்தான் மிஞ்சும்.

எரிந்த இடம் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை கேமராவில் போட்டு வையுங்கள். மஞ்சள் மூக்கு நாரை இன்னும் சிக்கல். வெள்ளை உடம்பு, சிறகில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் ரோஜா நிறம், எல்லாம் ஒரே பறவையில். வெள்ளையைக் காப்பாற்றுங்கள், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தால் கறுப்பைப் பிறகு மீட்கலாம். எரிந்த வெள்ளை திரும்ப வராது.

கோவையிலிருந்து: முதுமலை சஃபாரியில் புள்ளிமானை எஃப் 5.6-இல் எடுத்தேன். பின்னால் இருக்கும் புதர் மங்கவே இல்லை. எஃப் 2.8 லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகி பின்னணி மங்கும், உண்மைதான். ஆனால் மான் உங்களிடமிருந்து 30 மீட்டர், புதர் மானுக்குப் பின்னால் 2 மீட்டர் என்றால் விலை உயர்ந்த லென்ஸும் பெரிதாக உதவாது. அதே மான் நாலடி நடந்து, பின்னால் வெட்டவெளி வரும் இடத்தில் நின்றால் உங்கள் லென்ஸே அழகாக மங்கலாக்கிக் கொடுக்கும். பலரும் விலங்கைப் பார்த்ததுமே ஷட்டரை அமுக்குகிறார்கள். முதலில் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சமான ஓர் இலை, காய்ந்த குச்சி, கொம்பிலிருந்து முளைத்தது போல ஒரு கிளை, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வண்டி ஓரடி முன்னால் போனாலே பின்னணி முழுக்க மாறிவிடும். ஓட்டுநரிடம் மெதுவாகக் கேளுங்கள், நின்றதும் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அந்த அதிர்வே பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

அடுத்தது உயரம். கோடியக்கரைப் புல்வெளியில் நின்றபடி வெளிமானை எடுத்தால் அதன் காலடிப் புல்தான் பின்னணி. குத்தவைத்து உட்கார்ந்து அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால், தூரத்தில் இருக்கும் மரவரிசையோ வானமோ பின்னணியாகிவிடும். அடிவானக் கோடு மட்டும் கழுத்தை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரி, சஃபாரி வண்டியிலிருந்து இறங்க முடியாதே என்பீர்கள். இறங்கவும் கூடாது. ஜன்னலோரம் கீழ் இருக்கையைப் பிடியுங்கள், அதுவே போதும்.

நாகையிலிருந்து: கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தைப் பத்தரை மணிக்கு எடுத்தேன். ட்ரைபாட், 1/2000 வினாடி ஷட்டர் எல்லாம் இருந்தும் ஒரு படமும் கூர்மையாக இல்லை. லென்ஸ் கோளாறா?

லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். அது கானல். வெயிலில் சூடான சேற்றுப் பரப்பின் மேல் காற்று நெளிகிறது, அதன் வழியாக இருநூறு மீட்டர் தூரம் பார்த்தால் எந்த லென்ஸும் நெளிந்துதான் காட்டும். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் எடுங்கள். அப்புறம் கிட்டே வரும் பறவை மட்டும்.

அந்த நேரத்தில் இன்னொரு லாபமும் உண்டு. தாழ்ந்த வெயில் பறவையின் வயிற்றுப் பக்கத்துக்கும் எட்டும், கண்ணில் ஒரு புள்ளி ஒளி விழும். உங்கள் நிழல் பறவையை நோக்கி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சூரியன் சரியாக முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து: வால்பாறையில் சோலைமந்தியை (சிங்கவால் குரங்கை) எடுக்கும்போது முகம் கரியாகிவிடுகிறது. ஃபிளாஷ் போடலாமா?

ஃபிளாஷ் வேண்டாம். கரிய முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, உச்சி வெயிலில் இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது கஷ்டம். மேகம் மூடிய நாளுக்காகக் காத்திருங்கள். வால்பாறையில் அதற்கா பஞ்சம்! மூட்டமான வெளிச்சத்தில் முகச் சுருக்கம்கூடத் தெரியும். வெளிச்சம் குறைவதால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர் அளவு) 3200 போனால் போகட்டும், தயங்காதீர்கள்.

வெயில்தான் என்றால் எதிர்வெயிலுக்குப் போய்விடுங்கள். குரங்குக்குப் பின்னால் சூரியன், பின்னணியில் நிழலில் இருக்கும் மரங்கள். மைனஸ் 1 வைத்தால் பிடரி மட்டும் வெள்ளி விளிம்பாக ஒளிரும். பின்னணி இருட்டாக இல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. கிட்டே வரவைக்கிறேன் என்று பிஸ்கட் நீட்டுகிறவர்கள் இந்தக் குழுவை விட்டு விலகிக்கொள்ளலாம்.

ஒரு கல்லூரி மாணவர்: மூன்றில் ஒரு பங்கு விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா அக்கா?

ஃபிரேமை மூன்று மூன்று பங்காகப் பிரித்து, பறவையை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதிதானே? வேண்டியதில்லை தம்பி. பறவை பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள், வால் நுனியை வெட்டாதீர்கள். நேராக உங்களையே முறைக்கும் ஆந்தையை நட்டநடுவில் வைத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மதுரையிலிருந்து: எனக்கு மதியம்தான் நேரம் கிடைக்கிறது. படமே எடுக்கக் கூடாதா?

எடுங்கள், நிழலில் இருப்பதை எடுங்கள். கறுப்பு வெள்ளையாகவும் மாற்றிப் பாருங்கள், நிறம் போனதும் கடும் நிழலே படத்தின் பலமாகிவிடுவது உண்டு. காட்டுயிர்ப் படங்களுக்கும் எழுத்துக்கும் பேர்போன மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார், அதுவும் வெவ்வேறு கருவிகளின் பாகங்களை ஒட்டவைத்துத் தானே அமைத்த கேமராவில்.

பெயர் வேண்டாம் என்றவர்: கூட்டில் குஞ்சுக்கு இரையூட்டும் படம் எடுக்க, மறைக்கும் இலைகளைக் கிள்ளலாமா?

கூடாது. அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், காக்கையின் கண்ணிலிருந்து மறைப்பும் அதுதான். கூட்டை விட்டு விலகி வாருங்கள்.

திருச்சியிலிருந்து: 250 எம்எம் லென்ஸ்தான் இருக்கிறது. பறவை சின்னதாக விழுகிறது. கிராப் செய்யலாமா?

தாராளமாக. 24 மெகாபிக்சல் படம் 6000×4000. நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் 3000×2000 மிஞ்சும், பத்து அங்குல அகலத்துக்கு நன்றாக அச்சாகும். அதற்கு மேல் வெட்டத் தோன்றினால் பறவையைச் சின்னதாகவே விட்டுவிட்டு, அது நிற்கும் குளத்தையும் கருவேல மரத்தையும் சேர்த்து ஃபிரேம் போடுங்கள்.