காஸ்மோஸ் 2004 என்ற பழைய சோவியத் வழிகாட்டிச் செயற்கைக்கோள் பூமியில் விழுமா? ஏன் இன்னும் அதைக் கீழே இறக்கவில்லை?

விழாது. உங்கள் காலத்திலும் இல்லை, பேரப்பிள்ளைகள் காலத்திலும் இல்லை. "பூமியைச் சுற்றும் சோவியத் உளவுக்கோள்" என்று எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது உளவுக்கோளே அல்ல.

கப்பல்களுக்கு வழிகாட்டும் 'பாருஸ்' வகை. ரஷ்ய மொழியில் கப்பற்பாய் என்று பொருள். 1989 பிப்ரவரி 22 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து காஸ்மோஸ்-3எம் ராக்கெட்டில் ஏவினார்கள். எடை ஏறக்குறைய 800 கிலோ, உயரம் ஏறக்குறைய 1000 கி.மீ., ஒரு சுற்றுக்கு 105 நிமிடம். அந்த உயரத்தில் காற்று இருக்கிறது என்று சொல்வதே பெயருக்குத்தான். கீழே இழுக்கப் பல நூற்றாண்டுகள் ஆகும். செயலிழந்த கோள் என்பதால் இங்கிருந்து கட்டளை அனுப்பினாலும் அசையாது.

ஜி.பி.எஸ். போலத்தானே என்று கேட்பவர்களுக்கு: இல்லை, இது டாப்ளர் முறை. கோள் 150, 400 மெகாஹெர்ட்ஸ் அருகே இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும். அயனி மண்டலம் (மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டலம்) இரண்டையும் வெவ்வேறு அளவில் பாதிப்பதால், ஒப்பிட்டுப் பிழையைக் கழிக்கலாம். கோள் நெருங்கும்போது அதிர்வெண் கூடும், விலகும்போது குறையும். 150 மெகாஹெர்ட்ஸில் இந்த மாற்றம் இருபுறமும் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ். அந்த வளைவு எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்பதிலிருந்து கோளின் பாதைக்கும் கப்பலுக்கும் உள்ள தூரம் கிடைக்கும். கோள் நேர் உச்சியில் போனால் பக்கவாட்டுத் தூரம் சரியாக வராது. அடிவானத்தை ஒட்டிப் போனாலும் கணக்கு கெடும். இன்னொரு தொல்லை, கப்பலின் வேகத்தை நாமே சரியாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாட் (மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ.) தவறினால் இடம் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும்.

கவலைப்பட வேண்டியது மோதலைப் பற்றித்தான். 2020 அக்டோபர் 16, இந்திய நேரம் காலை 6.26-க்கு, அண்டார்க்டிகா பக்கம் 991 கி.மீ. உயரத்தில், ஒரு சீன ராக்கெட்டின் காலி அடுக்கு இதைக் கடந்தது. சார்பு வேகம் நொடிக்கு 14.7 கி.மீ. முன்கூட்டிய கணிப்பில் இடைவெளி 12 மீட்டர்தான். பாருஸில் கோள் புரளாமல் நிலையாக நிற்க நீண்ட தண்டு ஒன்று நீட்டியிருக்கும். அதையும் சேர்த்தால் 12 மீட்டர் என்பது இடைவெளியே இல்லை. இரண்டில் எதையும் நகர்த்த வழியில்லை. நல்லவேளை, மோதவில்லை.

"பொதுவில் கிடைக்கும் டி.எல்.இ. வரிகளை (கோளின் சுற்றுப்பாதைத் தரவு) வைத்துக் கணக்குப் போட்டேன், 12 வரவில்லை" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவற்றின் பிழையே கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். 12 என்பது விண்வெளிப் பொருள்களைத் தடமறியும் லியோலேப்ஸ் நிறுவனத்தின் ரேடார் அளவீடுகளிலிருந்து வந்தது. 2009-இல் இரிடியம் 33-உடன் மோதிய காஸ்மோஸ் 2251-ஐயும் இதோடு குழப்பாதீர்கள். அது தகவல் தொடர்புக் கோள்.

  

இப்போது காஸ்மோஸ் 2004 எங்கே என்று பார்க்க, தடமறியும் செயலியில் 19826 என்ற பட்டியல் எண்ணைக் கொடுங்கள். பெயரைத் தட்டாதீர்கள், காஸ்மோஸ் வரிசை 2500-ஐத் தாண்டிவிட்டது.