வாவிக்கு மேலே மிதக்கும் தீவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அனிமே எனும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களில் வருவது போல, மட்டக்களப்பு வாவிக்கு மேலே மிதக்கும் தீவொன்றைப் போஸ்டர் கலரில் வரைகிறேன். தீவு ஒட்டிவைத்தது போலத் தெரிகிறது. வானமும் கோடு கோடாக வருகிறது. ஏன்?
(வாசகி, கல்லடி)

பதில்: முதலில் அடிவானக் கோட்டைப் பாருங்கள். தீவு அதற்கு மேலே மிதந்தால் அதன் அடிப்பாகம்தான் கண்ணில் படும். மேற்பரப்புத் தெரியவே கூடாது. பலரும் புல்வெளியைக் காட்டும் ஆசையில் மேலிருந்து பார்த்தது போல வரைந்துவிடுகிறார்கள். ஒட்டிவைத்த தோற்றம் அங்கேதான் வருகிறது. மரநுனிகளும் கூரையும் விளிம்புக்கு மேல் தலைகாட்டினால் போதும். புல்வெளி கட்டாயம் வேண்டுமென்றால் அடிவானத்தைத் தீவுக்கு மேலே ஏற்றுங்கள்.

அடிப்பாகத்தைக் கறுப்பால் நிரப்பாதீர்கள். வாவியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பாறையின் அடியில் மங்கிய நீலப்பச்சையாக ஏறும். தண்ணீரில் தீவின் நிழல் விழவேண்டும். அதனருகே ஒரு தோணியை வையுங்கள், தீவின் பருமன் உடனே பிடிபடும். படத்தில் நடக்காத விடயம் ஒன்றே ஒன்றுதான்: தீவு மிதப்பது. மற்றதெல்லாம் நாம் தினமும் காண்பதாக இருக்கட்டும். 1988இல் வந்த 'டொட்டோரோ' படத்தில் கலை இயக்குநர் கசுவோ ஓகாவின் வயல்களும் மரங்களும் அவ்வளவு நிஜம்; அதனால்தான் டொட்டோரோ என்ற அந்தப் பெரிய கற்பனை உயிரினத்தையும் நம்புகிறோம்.

வானத்தில் கோடு விழுவது பெரும்பாலும் கச்சான் எனும் வறண்ட காற்றால். தீட்டி முடிக்குமுன் கடதாசி காய்ந்துவிடுகிறது. யன்னலைச் சாத்துங்கள். கடதாசியை இரு பக்கமும் நனைத்துப் பலகையில் படியவைத்து, தேங்கும் நீரை ஒற்றியெடுங்கள். மூன்று நீலங்களை முன்கூட்டியே தனித்தனிக் கிண்ணங்களில் கரைத்துவைத்து, ஈரம் இருக்கும்போதே அகலத் தூரிகையால் பக்கவாட்டாக இழுத்துக் கீழே இறங்குங்கள். காய்ந்தால் நிறம் மாறும், துண்டுக் கடதாசியில் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்டர் கலர் காய்ந்த பின்னும் தண்ணீர் பட்டால் கரையும். மேகத்துக்குக் கெட்டியாக எடுத்து ஒரே இழுப்பில் வையுங்கள். தேய்த்தால் அடியிலுள்ள நீலம் கலங்கி வெள்ளை அழுக்காகும்.

கேள்வி: 'மடோகா மஜிகா' அனிமே தொடரில் சூனியக்காரிகளின் உலகம் மட்டும் வெட்டிய கடதாசி போல இருப்பது ஏன்?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: வேண்டுமென்றே செய்தது. 2011இல் ஷாஃப்ட் கலையகம் எடுத்த அந்தத் தொடரில், அவ்வுலகங்களைக் கெகிடான் இனுகறி என்ற குழு கொலாஜ் (துண்டுகளை வெட்டி ஒட்டும்) பாணியில் வடிவமைத்தது. பாத்திரங்கள் தட்டையான நிறத்தில், சீரான கோட்டில் இருப்பதால்தான் அந்தக் குழப்பத்துக்குள்ளும் கண் அவர்களைத் தவறவிடுவதில்லை.

செய்துபார்க்க விரும்பினால் பழைய பத்திரிகை, சேலைத் துண்டு, லேஸ் ஆகியவற்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விடுங்கள். இல்லாவிட்டால் அச்சடித்த துணி போலத் தட்டையாகிவிடும். பாத்திரத்தின் மேல் மட்டும் துணிக்கோலம் ஏற்றவேண்டாம், உருவம் பின்னணியில் மறைந்துபோகும்.