சர்க்கரையும் அஸ்காவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். இங்கே சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரைதான். வெள்ளையாக இருப்பதை என் பாட்டி இன்றும் 'அஸ்கா' என்கிறார். மதுரையில் வாக்கப்பட்ட அக்காவோ அதைச் 'சீனி' என்கிறார். ஆங்கிலத்தின் 'சுகர்' நம் சர்க்கரையிலிருந்து போன சொல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?

செ., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள செ.,

அந்தச் செய்தி பாதி சரி. சுகரும் சர்க்கரையும் ஒரே வேரில் வந்தவை. ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகவில்லை. மூலம் வடமொழியின் 'சர்க்கரா'. அதன் பழைய பொருள் சரளைக்கல், கரடுமணல். ஆயுர்வேதத்தில் சிறுநீரோடு வெளிவரும் பொடிக்கல்லுக்கும் இதே பெயர் உண்டு. கரும்புச்சாற்றைக் காய்ச்சி மணல்மணலாக எடுத்தபோது, கையில் உதிர்ந்ததைப் பார்த்து அந்தப் பெயரை இட்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்குத் தமிழில் ஓர் இணை இருப்பது. 'அயிர்' என்ற பழஞ்சொல்லுக்கு நுண்மணல் என்று பொருள். கண்டசர்க்கரை என்றும் பொருள். மதுரைக்காஞ்சியில், மதுரையின் இரவைச் சொல்லும் பகுதியில், மோதகத்தோடு இந்த அயிர் வருகிறது. சர்க்கரை தமிழ்ச்சொல் இல்லையே என்று வருந்துகிறவர்களிடம் நான் அயிரைத்தான் எடுத்துச் சொல்வேன். இவ்வளவு அழகான சொல்லை நாம் ஏன் கைவிட்டோம்!

சரி, மேற்கே போன கதைக்கு வருவோம். பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்'. அரபுகள் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் கரும்பும் அங்கே போனது, சொல்லும் போனது. அரபிச் சொல்லின் முன்னொட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டதால் ஸ்பானியத்தில் அது 'அசூக்கர்'. இத்தாலி வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் நடந்து ஆங்கிலத்தில் 'சுகர்' ஆனது. ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் 'சுகாரி'. கிரேக்கர்களிடம் இதற்கெல்லாம் வெகுமுன்பே 'சாக்கரோன்' இருந்தது. 1879இல் கண்டுபிடித்த செயற்கை இனிப்புக்குச் 'சாக்கரின்' என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர் கவனிக்காமல் விட்ட சொல் ஒன்று இருக்கிறது. வெல்லத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஜாகரி'. அதுவும் அதே சர்க்கராதான், ஆனால் நம் பக்கத்துக் கரையிலிருந்து கப்பலேறியது. மலையாளத்தின் 'சக்கர' போர்த்துகீசியர் வாயில் 'ஜாகரா' ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. ஒரே சொல் பாரசீகம் வழியாகப் போய் வெள்ளைச் சர்க்கரைக்கும், கேரளம் வழியாகப் போய் வெல்லத்துக்கும் பெயராகிவிட்டது.

மலையாளிகள் இன்றும் வெல்லத்தைத்தான் 'சர்க்கர' என்கிறார்கள்; வெள்ளையாக இருப்பது அவர்களுக்குப் 'பஞ்சசார'. ஆகவே உங்கள் ஊர் வழக்கைத் தவறு என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நீங்கள். வெல்லம் போட்ட பொங்கலைச் சர்க்கரைப் பொங்கல் என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோமே, அதுவும் இந்தப் பழைய பொருள்தான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உங்கள் கவுந்தப்பாடியிலிருந்து போவதும் அதே சர்க்கரை.

அப்புறம், அக்காவின் சீனி. அது சீனாவின் பெயரால் வந்தது. இந்தியிலும் சீனிதான், கற்கண்டு அங்கே 'மிஸ்ரி', அதாவது எகிப்திலிருந்து வந்தது. ஈழத்திலும் சீனி என்றே சொல்கிறார்கள்.

பாட்டியின் அஸ்கா ஓர் ஊர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இன்றும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே சர்க்கரை ஆலை நடந்தது. கஞ்சம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் அந்த ஆலைச் சரக்கு ஊர்ப்பெயரோடு நம் கடைகளுக்கு வந்தது. என் அம்மாவும் அஸ்கா என்றுதான் சொல்வார். அவர் போன பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல் இல்லை. பாட்டி அடுத்த முறை அஸ்கா கேட்கும்போது ஒருமுறை அவர் குரலைப் பதிவு செய்து வையுங்கள்.