பழைய அலுமினியப் பாத்திரத்தைக் காயலான் கடையில் போடுவதால் என்ன பயன்?

அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் பூமியில் நிறையவே இருக்கும்போது, நசுங்கிப்போன அலுமினியக் குண்டானை எதற்கு மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிதான், பாக்சைட் சீக்கிரத்தில் தீராது. ஆனால் அதை எடுக்க மலையை வெட்ட வேண்டியிருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டுப் பக்கமும் கொல்லிமலையிலும் அப்படித்தான் வெட்டினார்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு 4 முதல் 5 டன் பாக்சைட் வேண்டும். அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினா, அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருளை, எடுத்தால் மிஞ்சுவது சிவப்புச் சேறு. 2010-இல் ஹங்கேரியின் அய்க்கா ஊருக்கு அருகே அந்தச் சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து 10 பேர் இறந்தார்கள். நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

அப்புறம் மின்சாரம். அலுமினாவில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். அதைப் பிரிக்க சுமார் 950 டிகிரி சூட்டில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். டன்னுக்குக் கிட்டத்தட்ட 14,000 யூனிட் ஆகும். உங்கள் குண்டானுக்கு அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது. 660 டிகிரியில் உருகிவிடும், சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம்.

மாத்திரை அட்டையில் அலுமினியத்தோடு பிளாஸ்டிக்கும் ஒட்டியிருப்பதால் பிரிப்பது கடினம். குண்டானுக்கு அந்தச் சிக்கலே இல்லை, தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள்.