பதில்: ரோலண்ட் காரோ இறுதி ஆட்டத்தின் கடைசி செட் பதிவாகவில்லை

டிவி பெட்டியில் பதிவுக்குப் போட்ட ரோலண்ட் காரோ (பிரெஞ்சு ஓபன் டென்னிஸ்) இறுதி ஆட்டத்தின் கடைசி செட் ஏன் பதிவாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இனி ஆட்டத்துக்கு அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவுக்குப் போட்டு வையுங்கள். அது மறுஒளிபரப்போ சமையலோ, எதுவாக இருந்தாலும் சரி. முடிவு நேரத்தை நீட்டும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் இரண்டு மணி நேரம் கூட்டுங்கள்.

பெட்டி கெட்டுப்போயிருக்காது. பெரும்பாலும் அது அட்டவணை நேரத்தைத்தான் பார்க்கும், ஆட்டத்தைப் பார்க்காது. டென்னிசுக்கோ கடிகாரம் கிடையாது. நீங்கள் சொல்லும் 2025 அல்கராஸ் - சின்னர் ஆட்டம் 5 மணி 29 நிமிடம் ஓடியது. மலேசியாவில் நமக்கு இரவு 9 மணிக்குத் தொடங்கி 2.30 தாண்டித்தான் முடிந்தது. அட்டவணையில் 1 மணி வரை என்று போட்டிருந்தால் கடைசி செட் எப்படிக் கிடைக்கும்? இத்தனை வருடம் ஒளிபரப்பியும் சேனல்காரர்களுக்கு இதற்கு இடம் விட்டு அட்டவணை போடத் தெரியாதது எனக்கு எரிச்சல்தான்.

ஒன்று பாருங்கள்: பதிவின் நீளம் அட்டவணை நேரத்தோடு சரியாகப் பொருந்துகிறதா? பொருந்தினால் காரணம் இதுதான். குறைவாக இருந்தால் பெட்டியில் இடம் நிறைந்திருக்கலாம். நடுவில் படம் உறைந்து விட்டு விட்டு வந்தால் மழை. சுங்கை சிப்புட்டில் மாலை மழை கொட்டினால் டிஷ் சிக்னல் போவது உங்களுக்குத் தெரியாததா! செம்பனை மட்டை டிஷ்ஷை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் சேனல்காரர்களே ஆட்டத்தைப் பாதியில் வேறு சேனலுக்கு மாற்றினால் இந்த வழி உதவாது. விம்பிள்டன் ஆண்கள் இறுதி 2025இல் நமக்கு இரவு 11 மணிக்குத்தான் தொடங்கியது. அதற்கும் இப்படியே கூட்டிப் போடுங்கள்.