ஆமை புகுந்த வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மீன் தொட்டிக் கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமை இரண்டு வீட்டில் இருக்கின்றன. ஓடு இப்போது 10 செ.மீ. நீளம். மகனுக்கு 8 வயது. மகளுக்கு 10 மாதம், தவழ்கிறாள். வாரம் ஒருமுறை தொட்டியைச் சமையலறை சிங்க்கில் போட்டுக் கழுவுகிறோம். அப்படியும் நாற்றம் போகவில்லை. "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று மாமியார் ஒரே பாட்டு. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? — வாசகி, காட்பாடி

பதில்: மாமியார் சொல்லும் காரணம்தான் வேறு. 5 வயதுக்குட்பட்ட குழந்தை, 65 தாண்டிய பெரியவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆமை, பல்லி, பாம்பு எதுவானாலும் குடலில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஆனால் ஆமை திடமாகவே திரியும். ஒருமுறை சோதித்து 'இல்லை' என்று வந்தாலும் நம்ப முடியாது, ஏனென்றால் கிருமி விட்டுவிட்டுத்தான் மலத்தில் வெளிவரும். குட்டி ஆமையைக் குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதாலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது.

கிருமி தொற்ற, ஆமையைக் குழந்தை தொடக்கூட வேண்டியதில்லை. ஆமை நடந்த தரையில் தவழ்ந்துவிட்டு விரலைச் சூப்பினாலே போதும். அதனால் இரண்டையும் வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அதுவரை முதல் வேலை, சிங்க்கை நிறுத்துவது. சாமான் தேய்க்கும் இடத்துக்கும் ஆமைத் தண்ணீருக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. தனி வாளி, தனி ஸ்பாஞ்ச், தனிக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். ட்யூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு மிடறு உள்ளே போனாலே வம்பு. கையால் அமுக்கும் பம்பு மீன் கடையிலேயே கிடைக்கும். தொட்டியைத் தொட்ட யாராக இருந்தாலும் சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவ வேண்டும். மகன் கழுவும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையில் அழுக்கோ பாசியோ இருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. ஆமைக்கு முத்தம், ஹாலில் உலாத்தல் இரண்டுக்கும் தடை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால், வீட்டில் ஆமை இருக்கிறது என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் சின்னத் தொட்டி. ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லிட்டர் என்பது கணக்கு. 4 அங்குல ஆமைக்கு 160, இரண்டாவதற்கு அதில் பாதி என ஆக 240 லிட்டர் வேண்டும். கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை, பெரிய பிளாஸ்டிக் தொட்டியே போதும். மீன் தொட்டி ஃபில்டர் ஆமையின் அழுக்குக்குத் தாங்காது. மணிக்கு 1,000 லிட்டர் சுற்றும், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் போடுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். அப்படியே ஊற்றினால் ஃபில்டரில் வளர்ந்திருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நாற்றம் திரும்ப வந்துவிடும்.

உடம்பு முழுக்கக் காய ஏறி உட்காரத் திட்டு ஒன்றும், அதன் மேல் 25–30 செ.மீ. உயரத்தில் யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கும் கட்டாயம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. அது கிடைக்காத ஆமையின் ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சம் இருக்கும், கதிர் தீர்ந்திருக்கும். டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும். ஆமை உணவு பெல்லட், கீரை, துருவிய கேரட் எல்லாம் கலந்து கொடுங்கள்.

கேள்வி: ஆந்திர எல்லையோரம் எங்கள் நிலத்தில் நட்சத்திர ஆமை ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். வளர்க்கலாமா? — வாசகர், குடியாத்தம்

பதில்: கூடாது. மாமியார் பழமொழியின் மறுபாதி 'அமீனா புகுந்த வீடு'; அமீனா என்றால் கோர்ட் ஆள். இந்த ஆமை புகுந்தால் அவரும் கூடவே வருவார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணை உயிரினம். பிடித்து வைத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை. உடும்பு, மலைப்பாம்புக்கும் இதே கதிதான். இன்று நிலத்தில் பார்த்ததென்றால் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். பல நாள் வீட்டில் வைத்திருந்தால் நீங்களாகவே அமிர்தி காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டு ஆமையின் நோய் காட்டு ஆமைகளுக்குப் பரவும். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: சிவப்புக் காது ஆமை தட்டளவு பெருத்துவிட்டது. வேலூர்க் கோட்டை அகழியில் விட்டுவிடலாமா? — வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அகழியிலும் வேண்டாம், பாலாற்றிலும் வேண்டாம். உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களில் இதுவும் ஒன்று. நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். 30 ஆண்டு வாழக்கூடியது என்பதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: பச்சை இக்வானா (பெரிய பல்லி இனம்) வாங்கினேன். வீட்டில் பூனையும் நாயும் உண்டு. ஒன்றாகப் பழக்கலாமா? — வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பழக்கவே வேண்டாம். பூனையின் எச்சிலில் உள்ள பாஸ்சுரெல்லா கிருமி ஊர்வனவற்றின் ரத்தத்தில் வேகமாகப் பரவும். தோலில் ஒரு பல் பட்ட புள்ளி தெரிந்தாலும் அன்றே ஆண்டிபயாடிக் தேவை. பூனை கடிக்காமல் வெளியே உட்கார்ந்து முறைத்தாலே இக்வானா தீனி எடுக்காது. கூண்டின் மூன்று பக்கத்தை மறைத்து, தாழ்ப்பாளோடு கொக்கியும் போட்டு, தனி அறையில் வையுங்கள். இக்வானாவின் எச்சத்தை நாய் தின்றால், சால்மோனெல்லா கிருமி நாய் வழியாகப் பிள்ளைகளுக்கு வரும். நாய் உணவை இக்வானா தின்றால் அதன் சிறுநீரகம் கெடும். அது முழுச் சைவம்: முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ, துருவிய பரங்கிக்காய் போதும். பாலக் அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது.

சூடு விஷயத்தில் வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றாதீர்கள். வெயில் காயும் மூலை 35–38 டிகிரி, மறுமூலை 26–29 டிகிரி. வேலூர்க் கத்திரியில் அறையே 36-ஐத் தொடும். கூண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் வைத்து, குளிர்ந்த முனை 33-ஐத் தாண்டினால் சூட்டு விளக்கை அணைத்துவிடுங்கள், யூவிபி மட்டும் எரியட்டும். கண்ணாடித் தொட்டியை மாடி வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் வெந்து செத்துவிடும். காலை வெயில் காட்ட, பாதி நிழலுள்ள கம்பிக் கூண்டு போதும்.

இக்வானா, பால் பைத்தான் என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு போன்றவை சைட்ஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. 2024 விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நாய்க்கு உண்ணி ஸ்பிரே அடிக்கும் நாளில் இக்வானாவை வேறு அறைக்கு மாற்றுங்கள். கொசு மருந்துப் புகையும் ஆகாது. உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி நாய்க்கு மருந்து, ஆமைக்கு எமன். மாட்டையும் நாயையுமே பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஆமைக்கு ஊசி எடுத்தால், மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு ஆமையை நீட்டுங்கள். சந்தேகமென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், ஏசி காற்று நேராகப் படாமல், எடை எழுதிய சீட்டோடு.